ஆறும் கிணறும் எண்பது டின்னும்

காஜா பேராங், மலாக்கா
12 டிசம்பர் 1943

அண்ணனுக்கு,

சந்திரமதி எழுதுகிறேன். உங்களுக்கு வேறு தங்கை இல்லைதான். ஆனாலும் ஐந்து வருஷம் ஆகிவிட்டதால் பெயரைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

இதைத் தம்பிராஜாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வாரம் ஒரு முறை கரி லாரி ஓட்டிக்கொண்டு உங்கள் தம்பின் ஊர் வரை வருகிறவர். தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள். நீங்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பினால் அவர் அதை எங்கள் கம்பத்தில் வீடு வீடாகச் சொல்லிவிடுவார். அந்த வெட்கத்தையாவது எனக்குத் தராதீர்கள்.

கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. தலைமுறைகளாக மலாய் பேசி, தமிழ் பேசத் தெரியாமல் போன மலாக்கா செட்டி வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் வரவில்லை, முடிந்தது. இப்போது கேட்பது தண்ணீர்க் கணக்கு.

ஆற்றோரத்தில் அரை ஏக்கர் நிலத்தை எங்களுக்கு ஒதுக்கி, பயிர் போடச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். மார்ச் தொடக்கத்தில் ஜப்பானிய அதிகாரி பார்வையிட வருவார். நிலத்தில் பச்சை நின்றால் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஓர் அட்டை கிடைக்கும். இல்லாவிட்டால் சயாம் ரயில் வேலைக்குப் போகும் பட்டியலில் பெயர் ஏறும். எங்கள் தெருவிலிருந்து போன நான்கு பேரில் ஒருவரைப் பற்றியும் சேதி இல்லை. என் வீட்டுக்காரர் பெயர் வேலாயுதம். உங்களுக்கு மறந்திருக்கலாம்.

ஜனவரியில் மழை நின்றுவிடும். நிலத்தின் மூலையில் ஒரு கிணறு இருக்கிறது, எதிரே ஆறு இருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பதினோரு வருஷம் பாசன இலாகாவில் படம் வரைந்தவர், இதே ஆற்றை அளந்தவர். என் வீட்டுக்காரரை எனக்கு உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும், அண்ணா. வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள் தங்கை
சந்திரமதி


தம்பின்
20-12-2603

தங்கை சந்திரமதிக்கு,

கடிதம் கிடைத்தது. விவரம் போதாது.

கிணறு என்றால் எவ்வளவு அகலம்? எத்தனை வீடுகள் அதில் குடிக்கின்றன? மண் களியா மணலா? ஆற்றுக்கும் பாத்திக்கும் எத்தனை கஜம்? தூக்குவதற்கு எத்தனை பேர்? இவை தெரியாமல் எண் சொல்கிறவன் குறி சொல்கிறவன்.

கிணற்றை இப்படிச் சோதித்துப் பார். காலையில் வேகமாக இறைத்து, நீர் ஓர் அடி இறங்கியதும் நிறுத்து. பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுது. அந்த நேரத்தில் ஒருவரும் ஒரு செம்புத் தண்ணீர்கூட எடுக்கக் கூடாது. பிறகு, தூக்குகிறவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரத்தில் எத்தனை டின் கொண்டுவருகிறார்கள் என்று எண்ணு. ஊகிக்காதே.

உன் கடிதம் மூன்று நாள் மேசையில் பிரிக்காமல் கிடந்தது உண்மை. பிரித்தது உன் அண்ணி விஜயா. "தண்ணி கேட்டு எழுதியிருக்கு புள்ள. சண்டைய அப்புறமா போடுங்க" என்றாள்.

கருணாகரன்


காஜா பேராங்
2 ஜனவரி 1944

அண்ணனுக்கு,

தேதியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நான் 1943இல் எழுதினேன், நீங்கள் 2603இல் பதில் போடுகிறீர்கள். இந்த அண்ணன் கோபம் தணிய அறுநூற்று அறுபது வருஷம் எடுத்துக்கொண்டார் என்று இவரிடம் சொன்னேன். ஆபீஸில் ஜப்பானிய வருஷம் போட்டுப் பழக்கம், நீங்கள் என்ன செய்வீர்கள். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டவை இதோ. கிணறு குறுக்கே நாலு அடி. ஓர் அடி இறங்கியது, சரியாக ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் என் மாமியார் அன்னம்மா கெபாயாச் சட்டையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, குடத்தோடு வந்த பெண்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். ஒருத்தி தன் வீட்டில் காய்ச்சல்காரன் இருக்கிறான் என்றாள். அவளுக்குத் தன் வீட்டுப் பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்தாரே தவிர, கிணற்றில் கயிறு விடவில்லை. பன்னிரண்டு வீடுகள் அதில் குடிக்கின்றன, நாளைக்கு எழுபது டின் போகும். மண் மேலே மணல், முழ ஆழத்தில் களி. ஆறு இருபது கஜம்.

தூக்குகிறவர்கள் மூன்று பேர். நானும், இவருடைய தங்கை பாக்கியமும், இவரும். காவடி போலத் தோளில் கம்பு வைத்து, பக்கத்துக்கு ஒரு மண்ணெண்ணெய் டின். இரண்டு மணி நேரத்தில் நான் நாற்பது டின், பாக்கியம் நாற்பது, இவர் எண்பது. புளியங்கொட்டை வைத்து எண்ணினேன். யுத்தத்துக்கு முன் துறைமுகத்தில் எடை பார்க்கும் குமாஸ்தாவாக மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவரை, இப்போது நான் உட்கார்ந்து எண்ணுகிறேன். அவருக்கு அதில் ஒரே சிரிப்பு.

அவர் உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

சந்திரமதி


தம்பின்
8-1-2604

தங்கை சந்திரமதிக்கு,

நன்றாக அளந்திருக்கிறாய். எங்கள் இலாகா ஆட்களில் பாதிப் பேர் இப்படி அளப்பதில்லை. உன் மாமியாரிடம் சொல்.

கணக்கு இது. வெயில் நாளில் காய்கறிப் பாத்தி கால் அங்குலத் தண்ணீர் குடிக்கும். அரை ஏக்கருக்கு அது இரண்டாயிரத்து எண்ணூறு கேலன். நாலு கேலன் டின்னில் எழுநூறு டின். பயப்படாமல் மேலே படி.

உன் கிணறு மணிக்கு இருபது டின் ஊறுகிறது. பகல் பத்து மணி நேரத்துக்கு இருநூறு. வீடுகளுக்கு எழுபது போக நூற்று முப்பது உனக்கு. ஆற்றிலிருந்து நீங்கள் மூவரும் நூற்று அறுபது. மொத்தம் இருநூற்றுத் தொண்ணூறு. எழுநூறுக்கு இது ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே நிலத்திலும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கீரை, கத்தரி, கேழ்வரகு போடாதே. மிச்சத்தில் ஈரம் இருக்கும்போதே மரவள்ளியை நட்டு, லாலாங் புல்லை அறுத்து அடியில் மூடு. அதற்கு ஒரு டின்கூட ஊற்ற வேண்டாம். ஆசைப்பட்டு முழு நிலத்துக்கும் அரை வயிறு ஊற்றினால் முழு நிலமும் சாகும்.

ஆற்றில் ஒரு விஷயம். கடல் ஏறும்போது உங்கள் பக்கம் வரை உப்பு வரும். வற்றும்போது கடைசி இரண்டு மணி நேரம்தான் மேலிருந்து வரும் நல்ல தண்ணீர். அப்போது மட்டும் எடு. பத்தாம் தேதி பகல் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை. நாள்தோறும் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். பொழுது சாயும் நாட்களில் காலை வற்றலுக்கு மாற வேண்டும். பின்பக்கம் இரண்டு வாரத்துக்கு எழுதியிருக்கிறேன். ஆற்றங்கரையில் நான் அளவுகோல் வைத்து எடுத்த குறிப்பிலிருந்து போட்டது. அதில் தவறு வராது.

மலாக்காவிலிருந்து இங்கே வரும் தண்டவாளத்தையும் பெயர்த்து சயாமுக்கே கொண்டுபோய்விட்டார்கள். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

கருணாகரன்


காஜா பேராங்
24 ஜனவரி 1944

அண்ணனுக்கு,

பாத்திகள் எரிந்துவிட்டன. நாற்பது பாத்தியில் ஆற்றுத் தண்ணீர் குடித்த இருபதும். முதலில் இலை ஓரம் பழுத்தது, பிறகு சுருண்டது, இப்போது மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் குடித்த இருபதும் நன்றாக நிற்கின்றன.

உங்கள் அட்டவணைப்படிதான் எடுத்தோம். ஒரு நிமிடம் முன்பின் இல்லை. மூன்றாம் நாளே இவர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "ஆயர் மாசின்" என்றார். உப்புத் தண்ணீர் என்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் அண்ணன் ஆற்றை அளந்தவர், உங்கள் நாக்கு அவரைவிடப் பெரியதா என்றேன். உப்பு என்று தெரிந்தே பதினொரு நாள், நாளைக்கு எண்பது டின், என் அண்ணன் சொன்னதற்காகச் சுமந்து ஊற்றினார்.

கேட்க நா கூசுகிறது. ஆனால் மனதில் வந்ததை உங்களிடம் மறைத்துப் பழக்கமில்லை. அவர் போனால் போகட்டும் என்று நினைத்தீர்களா, அண்ணா?

மறுநாள் எழுதுவது: நேற்று எழுதியதைக் கிழிக்கத்தான் எடுத்தேன். காகிதம் கிடைக்காத காலம், அதனால் கீழேயே தொடர்கிறேன்.

இன்று நாள் முழுக்க இவர் ஆற்றில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம். "ஆபாங் தக் சாலா. ஜாம் சாலா." அண்ணன் மேல் தப்பில்லை, கடிகாரத்தின் மேல்தான் தப்பு.

ஜப்பான்காரர்கள் வந்ததும் எங்கள் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தார்களே, நாங்கள் பார்ப்பது அந்த நேரம். உங்கள் குறிப்பு பழைய நேரம். நீங்கள் ஒன்றரை என்று எழுதினால் நாங்கள் மூன்று மணிக்கு இறங்க வேண்டும். நாங்கள் ஒன்றரைக்கே இறங்கி, கடல் பாதிகூட வடியாத தண்ணீரை ஊற்றியிருக்கிறோம்.

மேலே எழுதியதை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். முடியாது, தெரியும்.

இன்னொன்று. பொங்கலுக்கு முதல் நாள் இந்த வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். இந்த வருஷம் மரவள்ளியும் கருவாடும்தான். இவர் இரண்டு இலை கூடுதலாகப் போட்டார். யாருக்கு என்று கேட்டேன். நம் அப்பாவுக்கும் அம்மாவுக்குமாம். ஐந்து வருஷமும் அப்படித்தான் போட்டிருக்கிறார், நான் எண்ணிப் பார்த்ததில்லை.

சந்திரமதி


தம்பின்
29-1-2604

அன்புள்ள சந்திரா,

தப்பு என்னுடையது. கடிகாரத்தின் மேல் போடாதே.

என் பையில் இருக்கும் கடிகாரத்தை நான் இன்னும் மாற்றவில்லை. ஆபீஸ் சுவரில் அவர்கள் நேரம், என் பையில் என் நேரம். அது ஒரு வீம்பு. இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் அதில் ஒரு திருப்தி இருந்தது. உனக்கு அட்டவணை போடும்போது அதே வீம்பில் உட்கார்ந்து போட்டிருக்கிறேன். உங்கள் ஊரில் என்ன மணி அடிக்கிறார்கள் என்று நினைக்கவே இல்லை. பதினோரு வருஷத்தில் என் எண்ணில் ஒருவரும் பிழை கண்டதில்லை. கண்டவர் ஒரு குச்சியை வைத்துக் கண்டிருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒருபோதும் இல்லை. ஆனால் நீ அப்படிக் கேட்கும்படி ஐந்து வருஷம் நான் நடந்துகொண்டேன். அண்ணி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. உப்பைக் கீழே இறக்க மூன்று அங்குல நல்ல தண்ணீர் வேண்டும். நடைவழியை விட்டு, ஒரு பாத்திக்கு நாற்பத்தேழு டின். இருபது பாத்தியையும் காப்பாற்றக் கிணறு போதாது. பத்தைக் கைவிடு. அடுத்த பத்துக்கு நானூற்று எழுபது டின், கிணற்றில் உன் பங்கு முழுவதும் நான்கு நாள். அந்த நான்கு நாளும் நன்றாக நிற்கும் இருபதுக்கு ஆற்றுத் தண்ணீர் ஊற்று. இந்த முறை அவர் நாக்கில் வைத்து நல்லது என்று சொன்ன பிறகு ஊற்று. என் அட்டவணையை அடுப்பில் போடு.

கைவிட்ட பத்தில் பிப்ரவரி நடுவில் சர்க்கரைவள்ளிக் கொடியை வெட்டி ஊன்றிப் பார். கொஞ்சம் உப்பை அது தாங்கும்.

அந்த இரண்டு இலையைப் போட்டவரிடம் சொல். அப்பாவுக்குக் கருவாடு பிடிக்கும்.

அண்ணன்


காஜா பேராங்
7 பிப்ரவரி 1944

அண்ணா,

கழுவிய பத்தில் எட்டு பிழைத்துவிட்டன. புது விதை போட்டிருக்கிறோம், கீரை முளைத்துவிட்டது. அண்ணியிடம் சொல்லுங்கள், பேச ஆரம்பிக்கலாம் என்று.

ஆனால் வேறு தொல்லை வந்திருக்கிறது. வட்டாரத் தலைவர் கலியாணசுந்தரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, வெற்றுப் பாத்தி இருப்பதால் இப்படியே அட்டை கிடைக்காது என்கிறார். அடுத்த மழை வரை இந்த நிலத்துக்குத் தண்ணீர் போதும் என்று, விஷயம் தெரிந்த ஒருவர் எண்களோடு எழுதிக் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அதில் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது: நிலத்துக்காரர் உங்களுக்கு உறவா? உறவுக்காரர் எழுதிக் கொடுத்ததைப் போன மாதம் பக்கத்துப் பண்டா ஹிலிர் பகுதியில் கிழித்துப் போட்டார்களாம். அந்த ஆள் இப்போது சயாமில்.

அதனால் கேட்கிறேன். "இல்லை" என்று எழுதுங்கள், அண்ணா. ஐந்து வருஷம் கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தானே சொன்னீர்கள். தங்கையே இல்லை என்றீர்களாம், தம்பிராஜா சொன்னார். அப்போது அழுதேன். இப்போது அதையே எனக்காக ஒரு முறை எழுதிக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

சந்திரா


தம்பின்
15-2-2604

அன்புள்ள சந்திரா,

படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, உறையில் அரக்கு வைத்து அனுப்பியிருக்கிறேன். அதிகாரி பிரிக்கட்டும், நீ பிரிக்காதே. பிரித்தால் என்னோடு வாதாடுவாய், அதற்கு நாள் இல்லை.

தெரியாமல் ஒரு தவறான எண்ணை எழுதி உன் பாத்திகளை எரித்தேன். தெரிந்தே ஒரு தவறான விவரம் எழுத இந்தக் கைக்கு வரவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தேன். பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். விஜயா பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

எண்கள் அத்தனையும் சரி. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அதை மட்டும் நம்பு.

அண்ணன்


காஜா பேராங்
3 மார்ச் 1944

அண்ணா,

உறையைப் பிரிக்கவில்லை. இரண்டு முறை ஆவியில் காட்டப் போனேன், இரண்டு முறையும் இவர் கையிலிருந்து வாங்கி மாடத்தில் வைத்துவிட்டார்.

நேற்று வந்தார்கள். அதிகாரி ஒருவர், மலாயில் சொல்வதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர், கூடவே கலியாணசுந்தரம். அதிகாரி பாத்திகளை எண்ணினார். முப்பத்தெட்டில் பச்சை, அதில் பத்து இன்னும் விரல் உயரக் கொடி. வெறுமையாகக் கிடந்த இரண்டின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். பிறகு உறையைக் கிழித்தார்.

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சத்தமாகப் படித்து, அதிகாரிக்கு ஜப்பானிய மொழியிலும் சொன்னார். தண்ணீர் வரும் வழி மூன்று என்று எழுதியிருந்தீர்கள். ஆறு, கிணறு, மூன்றாவதாக வேலாயுதம். இரண்டு மணி நேரத்தில் எண்பது டின். இவர் இல்லாவிட்டால் ஆறு இருபது கஜத்தில் ஓடினாலும் பாத்திக்கு வராது, நிலம் பதினைந்து நாளில் காயும் என்று. இருபது கஜம் என்று நான் அளந்து அனுப்பியபோது இப்படி ஒரு வரியில் அது போய் உட்காரும் என்று நினைக்கவில்லை.

அதிகாரி நம்பவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இவரைச் சுமக்கச் சொன்னார். அரை மணி நேரம் வெயிலில் நின்று அவரே எண்ணினார். பத்து நடை, இருபது டின். உங்கள் எண். தலையை ஆட்டிவிட்டு, நிறுத்தச் சொல்லாமலே, மிச்சத்தையும் படிக்கச் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் கடைசிக்கு வந்தார். கேள்வியைப் படித்தார்: நிலத்துக்காரர் உங்களுக்கு உறவா? பிறகு உங்கள் பதிலைப் படித்தார். "யா. தியா இப்பார் சாயா." ஆம். அவர் என் மைத்துனர்.

கலியாணசுந்தரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ சொன்னார். எண் சரியாக இருக்கிறது, எழுதியவன் யாராக இருந்தால் என்ன என்றாராம். முத்திரை விழுந்தது. அட்டை ஆறு மாதத்துக்கு. அது இப்போது மாமியாரின் சட்டைக்குள் இருக்கிறது, யாருக்கும் காட்ட மாட்டேன் என்கிறார்.

நான் அதிகாரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றைக் கவனிக்கவில்லை. பாக்கியம்தான் பிறகு சொன்னாள். அந்தப் பதிலைப் படித்தபோது இவர் பதினோராவது நடையில், கரை மேல் வந்துகொண்டிருந்தாராம். அப்படியே நின்றுவிட்டாராம். கம்பு தோளிலிருந்து சரிந்து இரண்டு டின்னும் கொட்டிப் போனதாம்.

நேற்றைய கணக்கில் அந்த இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சந்திரா